ஓசிப் படிப்பு மட்டமா?

ஒரு பனியனைக் கையில் கொடுத்தால், வேலம்பாளையத்தில் பத்தாவது படிக்கும் பையன்கூடச் சொல்லிவிடுவான். இது எத்தனை ஜி.எஸ்.எம். துணி, சாயம் நிற்குமா, தோள்பட்டைத் தையல் நாலு சலவைக்குத் தாங்குமா என்று. கழுத்தில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துத் துணியை எடை போடுகிற ஏமாளி அந்த ஊரில் கிடையாது. அதே துணி, அதே டெய்லர், அதே செக்கிங் டேபிள். லேபிள் மாறினால் காதர்பேட்டையில் ஒரு விலை, சென்னையில் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் அதற்கு அஞ்சு மடங்கு விலை. இந்த ரகசியம் தெரிந்தவர்கள் நீங்கள்.

அப்பேர்ப்பட்ட நீங்கள், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் மட்டும் எப்படி இப்படி ஏமாந்து போகிறீர்கள்?

ரோட்டோரமாகக் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் போர்டுகளைப் பாருங்கள். ஏ.சி. ஹாஸ்டல், தெருமுனைக்கே வரும் காலேஜ் பஸ், 'நூறு சதவீத வேலைவாய்ப்பு', டை கட்டிய பையன் கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிற படம். அத்தனையும் லேபிள். துணி எங்கே என்று ஒருத்தராவது கேட்கிறோமா?

''வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வாங்கறாங்கன்னா, சும்மாவா வாங்குவாங்க?'' என்கிறீர்கள். ''கவர்மென்ட் காலேஜுங்களா? ஓசியிலே கொடுக்கறது என்ன லட்சணத்துல இருக்கும்?'' என்றும் சொல்கிறீர்கள். இந்த ரெண்டு நினைப்பும்தான் உங்களைக் கடனாளி ஆக்குகிறது. உங்கள் ஊர் அரசுக் கல்லூரியைக் கேட்க நாதியில்லாமல் ஆக்குவதும் இதேதான். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடலாம். கோபம் வந்தாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நம்பிக்கை ஒன்று: கட்டணம் அதிகம் என்றால் தரமும் அதிகம்.

அப்படியானால் டாக்டர் படிப்பில் மட்டும் ஏன் எல்லாம் தலைகீழாக இருக்கிறது? 2022 ஜனவரியில் திருப்பூருக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. நூறு இடங்கள். அங்கே கட்டணம் ஆயிரங்களில். தனியார் மருத்துவக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் வருஷத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. விலைதான் தரம் என்றால், நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் எல்லாம் விலை கூடிய இடத்துக்கல்லவா ஓட வேண்டும்? ஓடுவது எங்கே என்று உங்களுக்கே தெரியும். அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தால் குலசாமிக்குக் கெடா வெட்டுகிறோம். தனியாரில் கிடைத்தால் தோட்டத்தை விற்கிறோம்.

பொறியியலிலும் இதே கதைதான். 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டி கல்லூரி, 1945-ல் வந்த கோவை ஜி.சி.டி., 1959-ல் வந்த சென்னை ஐ.ஐ.டி., 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்றைக்கு என்.ஐ.டி. என்று பெயர் வாங்கியிருக்கும் திருச்சி கல்லூரி... எல்லாமே மக்கள் வரிப்பணத்தில் எழுந்தவை. கலைக் கல்லூரியைப் பற்றித்தான் இளக்காரம் என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. மத்திய அரசின் தரவரிசைப் பட்டியலில் 2022, 2023 ஆகிய இரண்டு வருடங்களிலும் இந்தியாவின் கல்லூரிகளில் மூன்றாவது இடம் பிடித்தது சென்னை மாநிலக் கல்லூரி. அக்மார்க் அரசுக் கல்லூரி.

சரி, காசு கொட்டிப் படிக்கிற இடத்தில் என்ன நடக்கிறது? 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரே பேராசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருக்கிறார்கள் என்பதே அந்தக் குற்றச்சாட்டு. பெயர் அடிபட்ட கல்லூரிகள் 224. 'இதெல்லாம் வதந்தி' என்று பல்கலைக்கழகம் மறுக்கவில்லை. சுமார் 2,000 பணியிடங்களில் 189 பேர்தான் மாறி மாறிக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று அன்றைய துணைவேந்தரே ஒப்புக்கொண்டார்.

உங்கள் தொழிலில் வைத்து யோசித்துப் பாருங்கள். பையர் ஆடிட்டுக்கு வருகிறார். ஒரே டெய்லரை பத்துக் கம்பெனி மஸ்டரில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் ஆர்டர் என்ன ஆகும்? அடுத்த நிமிஷம் கேன்சல். பிள்ளையின் நாலு வருஷத்தைக் கொடுக்கிற நீங்களும் பையர்தான். நீங்கள் மட்டும் ஆடிட் செய்ய மாட்டீர்களா?

தனியார் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. கோவையில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிக்கும் சி.ஐ.டி.க்கும் நல்ல பெயர் இருக்கிறது. முன்னது 1951-லும் பின்னது 1956-லும் தொடங்கியவை. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. இரண்டும் அரசு உதவி பெறும் கல்லூரிகள். உதவி பெறும் பணியிடங்களில் உள்ள ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். ஊரில் நாம் 'நல்ல தனியார்' என்று கொண்டாடுவதிலும் பொதுப்பணம் ஓடியிருக்கிறது.

1984-க்குப் பிறகு எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்ததுதான் 'சுயநிதி' என்ற சமாசாரம். என்ன அழகான பேர் பாருங்கள். யாருடைய சுயம்? யாருடைய நிதி? நிதி முழுக்க உங்களுடையது. சுயம் மட்டும் அவர்களுடையது.

நம்பிக்கை இரண்டு: அரசுக் கல்லூரி ஓசி.

இந்த வார்த்தையைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஓசி என்றால் அடுத்தவன் காசு. அரசுக் கல்லூரியில் இருப்பது யார் காசு?

சனிக்கிழமை ராத்திரி சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். வழியில் குழந்தைக்கு பிஸ்கட், வீட்டுக்கு சோப்பு, செல்போனுக்கு ரீசார்ஜ், டி.வி.எஸ். எக்ஸெல்லுக்குப் பெட்ரோல். ஒவ்வொன்றிலும் வரி இருக்கிறது. வருமான வரி கட்டாதவன் வரியே கட்டாதவன் என்பது வசதி உள்ளவர்கள் கிளப்பிவிட்ட கதை. அம்பானி வாங்குகிற சோப்புக்கும் செக்கிங் வேலை பார்க்கும் அக்கா வாங்குகிற சோப்புக்கும் ஒரே ஜி.எஸ்.டி.தான்.

கவர் பிரிபடும் இன்னொரு இடமும் உண்டு. டாஸ்மாக். அதன் மூலம் 2024-25-ல் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். அதே 2024-25 பட்ஜெட்டில் உயர்கல்வித் துறைக்கு ஒதுக்கிய தொகை 8,212 கோடி. குடியில் நம்மிடமிருந்து வாங்கியதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் நம் பிள்ளைகளின் கல்லூரிக்கு. இதில் ஓசி எங்கே இருக்கிறது? அநியாய விலை கொடுத்தல்லவா வாங்கியிருக்கிறோம்! கொடுத்த காசுக்குச் சரக்கு சரியில்லை என்றால் சண்டை போடுவோமா, 'ஓசிதானே' என்று தலையைச் சொறிந்துகொண்டு போவோமா?

நாட்டுக்கும் இதே நோய்தான். தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவழிக்க வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966-ல் சொன்னது. 2020-ல் வந்த புதிய கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத்தான் இலக்கு என்று எழுதி வைத்தது. ஐம்பத்து நாலு வருஷம் கழித்தும் அதே இலக்கு என்றால், நடுவில் வந்த அத்தனை கட்சிகளும் அதைக் கோட்டை விட்டன என்று அர்த்தம்.

நம்பிக்கை மூன்று: அதான் பேங்க்கில் லோன் கொடுக்கிறாங்களே.

வட்டிக் கணக்கில் நீங்கள் புலி. சேர்ந்தே போடலாம். வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு வருஷத்துக்கு நாலு லட்சம் கடன். வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஒரு வருஷம் தவணை கட்ட வேண்டாம் என்கிறார்கள். வட்டி சும்மா இருக்குமா? முதல் லட்சத்துக்கு அஞ்சு வருஷம், கடைசி லட்சத்துக்கு ரெண்டு வருஷம் என்று தனி வட்டி போட்டாலே 1,54,000 ரூபாய். முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,54,000. ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 9,500 ரூபாய். மொத்தம் எட்டு லட்சத்தைத் தொடுகிறது. பையனுக்கு முதல் சம்பளம் பதினைந்தாயிரம் என்றால், கைக்கு வருவது ஐயாயிரத்து ஐந்நூறு. பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போகும்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள படிப்புகளுக்குப் படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-ல் வந்தது. பொருந்தினால் விடாமல் வாங்குங்கள். ஆனால் அசல் உங்கள் தலையில்தான். கடனைக் கல்விச் சலுகை என்று சொல்வது, கந்து வட்டிக்காரரை வள்ளல் என்று சொல்கிற மாதிரி.

கட்ட முடியாமல் போனால்? பாரத ஸ்டேட் வங்கி தன் வாராக் கல்விக் கடன்களை ரிலையன்ஸின் கடன் வசூல் நிறுவனத்திடம் பாதிக்கும் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டது. கடன் வாங்கிய பையன், ''பாதி கட்டறேன், கணக்கை முடிச்சுக்கோங்க சார்'' என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள், கம்பெனிக்கு மட்டும் தள்ளுபடியில் விற்கிறார்கள். 2016 ஜூலையில் மதுரையில் ஓர் இளம் பொறியாளர் இந்த வசூல் நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். படித்ததற்காகச் சாகிற நாடு என்னங்க நாடு?

உங்கள் பெட்டிகள் கப்பலேறிப் போகிற ரெண்டு தேசங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் சில மாநிலங்கள் கொஞ்ச காலம் கல்லூரிக் கட்டணம் வசூலித்துப் பார்த்தன. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு மாநிலமாக ரத்து செய்து, 2014-ல் கடைசியாக லோயர் சாக்ஸனியும் கைவிட்டது. அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் வரை கல்விக் கட்டணம் கிடையாது. 'ஓசிதானே' என்று அந்த நாட்டு இன்ஜினீயரை யாரும் மட்டமாகப் பேசுவதில்லை. கம்பெனியில் ஜெர்மன் மெஷின் வந்து இறங்கினால் நாமே தொட்டுக் கும்பிடுகிறோம். அமெரிக்கா லோன் வழியில் போயிற்று. அங்கே மாணவர் கடன் பாக்கி 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய ஜோ பைடன் போட்ட திட்டத்தை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரெண்டில் எந்த வழியை நாம் காப்பியடிக்கிறோம் என்று சொல்லவும் வேண்டுமா?

நம்பிக்கை நான்கு: தனியார் நடத்தினால் அரசுக்குச் செலவு மிச்சம்.

மிச்சமே இல்லை. 2010-ல் வந்த முதல் பட்டதாரி கட்டணச் சலுகை, பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித் தொகை, 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான கட்டணம் எல்லாம் அரசு கட்டுகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் வேண்டும். அதில் ஒரு ரூபாய் குறைத்தாலும் நான் சண்டைக்கு வருவேன். என் கேள்வி வேறு. அந்தப் பணத்தில் பெரும் பகுதி போய்ச் சேரும் இடம் தனியார் கல்லூரிகளின் கல்லாப்பெட்டி. அதே பணத்தில் அரசே கல்லூரி கட்டினால் கட்டடம் நம்முடையது, லேப் நம்முடையது, அடுத்த ஐம்பது வருஷத்துக்கு நம் பேரன் பேத்தி படிப்பார்கள். வாடகை கொடுத்துக்கொண்டே இருப்பது லாபமா, சொந்த வீடு லாபமா? லைன் வீட்டில் வாடகை கொடுத்து அலுத்தவர்களுக்கு நான் விளக்கணுமா?

2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் சட்டசபையில் நிறைவேறியது. அரசு உதவி பெறும் கல்லூரிகள்கூடத் தனியார் பல்கலைக்கழகமாக மாற வழி திறக்கிறது என்று ஆசிரியர் சங்கங்களும் கட்சிகளும் கத்தின. சில நாளிலேயே, மறுபரிசீலனை செய்கிறோம் என்று அரசு பின்வாங்கியது. கத்தினால் நடக்கிறது, கவனித்தீர்களா?

நம்பிக்கை ஐந்து: கவர்மென்ட் காலேஜ் இனி உருப்படாது.

கோளாறு இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. நிரந்தரப் பேராசிரியர் இடங்களைக் காலியாகப் போட்டுவிட்டு, கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். பெயரில் மட்டும்தான் கௌரவம். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2019-ல் சொன்னது. தமிழகத்தில் 2023-ல் உயர்த்திக் கொடுத்ததே 25,000 ரூபாய்தான். பிஎச்.டி. முடித்தவரின் சம்பளம் ஓவர்லாக் டெய்லரின் சம்பளத்தோடு போட்டி போட வேண்டிய நிலை. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு விட்டார்கள். சொன்ன தேதியில் தேர்வு நடக்கவில்லை. 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரே, பணி நியமனத்துக்கு லஞ்சம் வாங்கிய புகாரில் கைதானார். 2024-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது.

இத்தனையும் உண்மை. ஆனால் மெஷினில் ஊசி ஒடிந்தால் ஊசியை மாற்றுவீர்களா, மெஷினையே பழைய இரும்புக்குப் போடுவீர்களா? இவ்வளவு கோளாறோடும் இந்தக் கல்லூரிகள் என்ன சாதித்திருக்கின்றன என்று பாருங்கள். 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம். நாடு முழுக்க 28.4. சத்துணவும், இட ஒதுக்கீடும், ஊருக்கு ஊர் திறந்த அரசுப் பள்ளியும் கல்லூரியும் இல்லாமல், சுயநிதி முதலாளிகளின் கருணையால் மட்டும் இது வந்துவிடவில்லை.

உங்கள் ஊரில் 1966 முதல் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பல்லடம் ரோட்டில் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி 1971 முதல் இருக்கிறது. வேலம்பாளையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்தால் போய்விடுகிற தூரம். கைமடி, அடுக்கி கட்டி, பிசிர் வெட்டி வளர்த்த எத்தனையோ பிள்ளைகள் அங்கே படித்து வந்திருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு 2022 முதலும் பையன்களுக்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவித் தொகையும் வந்தது. அங்கே படித்தால் அவமானம் என்று யார் சொல்லிக் கொடுத்தது?

''என்ன படிச்சு என்னங்க, கம்பெனிக்குப் போனா வாராவாரம் சம்பளம்'' என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011-ல் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடின. 2016-ல் நோட்டு செல்லாமல் போனது. 2020-ல் ஊரடங்கு. 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஒவ்வொரு தடவையும் முதலில் நின்றது உங்கள் ஷிஃப்ட். வேறு வேலைக்குப் போகக் கையில் ஒரு கதவு வேண்டாமா? அந்தக் கதவுக்குப் பெயர்தான் பட்டம். அதைக் கடன் வாங்கி வைக்காதீர்கள் என்பதே என் வாதம்.

கடைசியாக வேலைக்கு வருவோம். எந்தக் கல்லூரி வாசலில் நின்றாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் துறையில் முழு நேர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்களை நேரில் பார்க்கலாமா? போன வருஷம் பல்கலைக்கழகத் தேர்வில் தேர்ச்சி எத்தனை சதவீதம்? கட்டணக் குழு நிர்ணயித்தது எவ்வளவு, நீங்கள் கேட்பது எவ்வளவு, கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது உண்டா? பதில் சொல்லாமல் ஏ.சி. ஹாஸ்டலைக் காட்டினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

இன்னொரு காரியமும் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. ஒரு வெள்ளைத் தாளில், 'எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் இடம் எத்தனை, காலி எத்தனை, எப்போது நிரப்புவீர்கள்' என்று எழுதிப் போடுங்கள். வந்த பதிலை ஓட்டுக் கேட்டு வருகிறவர் கையில் கொடுத்து, இதுக்கு என்ன வழி என்று கேளுங்கள். பத்து ரூபாய்தான் செலவு. வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் கட்டத் துணிந்தவர்கள், பத்து ரூபாய்க்கு யோசிக்கலாமா?